பொறிவண்டுக்கும் ஒரு நாள் கணக்கு

குச்சிக்கிழங்குக் காட்டில் மாவுப்பூச்சி விழுந்த செடியின் நுனியைப் பார்த்திருப்பீர்கள். இலைகள் சுருண்டு, ஒரே கொத்தாக இறுகி நிற்கும். அதற்குள்ளே பூச்சி மெழுகைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எவ்வளவு மருந்து அடித்தாலும் உள்ளே முழுதாக இறங்காது. ஆனால் அதைத் தின்ன வரும் பொறிவண்டு திறந்த இலைமேல் நடக்கிறது. மருந்து முதலில் படுவது அதன்மேல்தான். தப்பித்தாலும், மருந்து பட்ட பூச்சியைத் தின்று சாகிறது. சாகாமல் பிழைத்தது முட்டை குறைவாக இடுகிறது.

மாவுப்பூச்சிக்கோ ஆண் துணைகூட வேண்டாம். கொத்துக்குள் பத்து பெண் பூச்சி மிஞ்சினால் போதும், ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். தின்பவர் இல்லாத காட்டில் அவை பெருகுவதைத்தான் நாம் ‘மருந்து கேட்கவில்லை’ என்கிறோம்.

இந்தப் பூச்சியின் பூர்வீகம் தென்னமெரிக்கா. 1970களில் ஆப்பிரிக்காவில் நுழைந்து கிழங்கு நம்பி வாழ்ந்தவர்களைப் பட்டினிக்குத் தள்ளியது. அங்கே அதை அடக்கியது பராகுவேயிலிருந்து போன ஒரு குட்டிக் குளவி. அந்த வேலைக்காக ஹான்ஸ் ஹெரன் என்ற விஞ்ஞானிக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. 2020இல் பூச்சி திருச்சூரில் தென்பட்டது. பிறகு சேலம், நாமக்கல், தர்மபுரி என்று பரவியது. பெங்களூரு தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகம் அதே குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து வளர்த்தது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் அது வெளியில் விடப்பட்டது.

குளவியை விட்டுப் பூச்சியை அடக்கும் இந்த முறையை நான் உயர்வாக மதிக்கிறேன். ஒரு குறையும் உண்டு: விட்ட முதல் சில வாரங்கள் கண்ணுக்கு எதுவும் தெரியாது. பொறுமை இழந்து அந்த நாட்களில் மருந்து அடித்தால், அத்தனை தூரம் கடந்து வந்த குளவி நம் காட்டிலேயே செத்துப்போகும்.

மருந்தால் இப்படி ஏற்கெனவே நடந்திருக்கிறது. கலிபோர்னியாவில் ஆரஞ்சு மரங்களைச் செதில் பூச்சியிடமிருந்து 1880களின் இறுதியில் காத்தது ஓர் ஆஸ்திரேலியப் பொறிவண்டு. 1940களில் தோட்டங்களில் டி.டி.டி. தெளித்தார்கள். வண்டு அழிந்தது, அடங்கிக் கிடந்த செதில் பூச்சி மறுபடி மரங்களை மூடியது.

நம் தர்மபுரி மாவட்டத்துக்கு இதைச் சொல்லித்தர வெளியூர் ஆள் வேண்டுமா? பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் பட்டுப்புழு வளர்ப்பவரைக் கேளுங்கள். மல்பெரியில் மருந்து அடித்தால் எத்தனை நாள் கழித்து இலை பறிக்கலாம் என்று விரல்விட்டுச் சொல்வார். பக்கத்து வயலில் ஸ்பிரேயர் சத்தம் கேட்டாலே காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்ப்பார். தட்டில் இருப்பதும் ஒரு பூச்சிதான், மருந்துக்கு அது வேறு இது வேறு இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த நாள் கணக்கையும் காற்றுக் கணக்கையும் குச்சிக்கிழங்குக்காரர் பொறிவண்டுக்காகப் போடவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இன்னொன்று. மாவுப்பூச்சியைத் தின்னும் ஒருவகைப் பொறிவண்டின் புழுவும் வெள்ளை மெழுகு பூசித்தான் இருக்கும். அதைப் பூச்சி என்று நினைத்து மருந்து அடித்துவிடுகிறோம். நாளைக் காலை ஒரு நுனிக்கொத்தைக் கிள்ளி உள்ளங்கையில் உதறிப் பாருங்கள். மற்றவற்றைவிடப் பெரிதாக, தொட்டதும் விறுவிறுவென்று ஓடுகிற வெள்ளைப் புழு இருந்தால், அதைத் திரும்பச் செடியிலேயே விட்டுவிடுங்கள்.