இன்று நள்ளிரவு முதல்



"இன்று நள்ளிரவு முதல் பெட்ரோல் விலை உயர்கிறது." வானொலிச் செய்தியில் இதைக் கேட்டதும், சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு ஸ்கூட்டரோடு பங்க்குக்கு ஓடியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நானும் ஓடியிருக்கிறேன். டேங்க் நிரப்பினால் பத்து இருபது ரூபாய் மிச்சம். அதற்கு ஒரு மணி நேர வரிசை. 2017 ஜூன் 16 முதல் இந்தியா முழுக்க விலையைத் தினந்தோறும் மாற்றும் முறை வந்தது. காலையில் பைசாக் கணக்கில் விலை நகர ஆரம்பித்ததும் அந்த இரவு ஓட்டம் நின்றுபோனது. வேறு சில நாடுகளில் அப்படி ஒரே இரவில் விலை ஏறிய பிறகு, மறுநாள் காலையில் என்ன நடந்தது என்பதைத்தான் இன்று உங்களோடு பேசப்போகிறேன்.

ஈரானிலிருந்து தொடங்குகிறேன். அங்கே பெட்ரோலில் கை வைத்ததில் மூன்று தடவைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மூன்று தடவையும் நடந்தது ஒன்றுபோல இல்லை.

எண்ணெய்க்குப் பேர்போன நாடு அது. ஆனால் 2007-ல், கச்சா எண்ணெயைப் பெட்ரோலாக்கப் போதுமான சுத்திகரிப்பு ஆலைகள் அங்கே இல்லை. வெளிநாட்டில் பெட்ரோல் வாங்கி, உள்ளூரில் அடிமாட்டு விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு ஜூன் கடைசியில் ஓர் இரவு, நள்ளிரவுக்குச் சில மணி நேரமே இருக்கும்போது அறிவிப்பு வந்தது. இனிமேல் பெட்ரோலுக்கு ரேஷன். சொந்தக் காருக்கு மாதம் 100 லிட்டர். டெஹ்ரானில் இருந்த கார்களெல்லாம் பங்க்குகளை நோக்கிப் பாய்ந்தன. விடிவதற்குள் சில பங்க்குகள் எரிந்துகொண்டிருந்தன.

அடுத்தது 2010 டிசம்பர். இந்தத் தடவை ரேஷன் பெட்ரோல் லிட்டர் 100 தொமானிலிருந்து 400 தொமானுக்குப் போனது. நான்கு மடங்கு! டீசல், எரிவாயு, மின்சாரம், ரொட்டி என்று எல்லாவற்றின் விலையும் கூடவே ஏறியது. நியாயமாகப் பார்த்தால் ஊரே கொதித்திருக்க வேண்டும். கொதிக்கவில்லை. அரசாங்கம் பல வாரங்களுக்கு முன்பே குடும்பத் தலைவர்களின் வங்கிக் கணக்கில், தலைக்கு மாதம் சுமார் 45,000 தொமான் அளவில் பணம் போட ஆரம்பித்திருந்தது. கணக்கில் பணம் இருப்பது தெரியும், எடுக்க முடியாது. விலை ஏறிய நாளில்தான் எடுக்க விட்டார்கள். கார் வைத்திருப்பவருக்கும் அதே தொகை, கார் கதவைத் தொட்டே பார்த்திராத கூலித் தொழிலாளிக்கும் அதே தொகை. ஐந்து பேர் இருக்கும் ஏழை வீட்டில் அது பெரிய பணம். தெருமுனைகளில் போலீஸ் நின்றதும் உண்மை. முந்தைய ஆண்டு தேர்தல் போராட்டத்தை அடித்து ஒடுக்கிய பயம் மக்களுக்கு இருந்ததும் உண்மை. ஆனால் பயம் மட்டும்தான் காரணம் என்று நான் நம்பவில்லை. "எனக்கு என்ன கிடைக்கும்?" என்ற கேள்விக்கு, விலை ஏறும் முன்பே பதில் அவர்கள் கையில் இருந்தது.

அந்தத் தொகையை 2019 வரை உயர்த்தவே இல்லை. தொடங்கியபோது சுமார் 45 டாலர் பெறுமானம். பணவீக்கமும் பொருளாதாரத் தடையும் சேர்ந்து அரித்த பிறகு ஏறக்குறைய 4 டாலர். அந்த நிலையில்தான் மூன்றாவது தடவை வந்தது. 2019 நவம்பர் 15, வெள்ளிக்கிழமை. வார விடுமுறை நாள். முன்கூட்டி ஒரு வார்த்தை கிடையாது. மாதத்தின் முதல் 60 லிட்டருக்கு ஒன்றரை மடங்கு, அதற்கு மேல் மூன்று மடங்கு. இந்தப் பணத்தை மக்களுக்கே திருப்பித் தருவோம் என்று அரசு சொன்னது. ஆனால் அந்தக் காலையில் யார் கணக்கிலும் அது வந்திருக்கவில்லை. நெடுஞ்சாலை நடுவில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார்கள் பலர். பிறகு துப்பாக்கிச் சூடு. சில நாட்களுக்குள் 300-க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டதாக ஆம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு கணக்கெடுத்தது. ஏறத்தாழ ஒரு வாரம் நாடு முழுவதும் இணையத்தைத் துண்டித்துவிட்டார்கள். இத்தனைக்கும் விலை, 2010-ல் ஏறிய மடங்கைவிடக் குறைவாகத்தான் ஏறியது. இறந்தவர்களின் எண்ணிக்கையைப் படிக்கும்போதெல்லாம் இந்த ஒப்பீடு என்னை உறுத்துகிறது.

நைஜீரியாவில் 2012 ஜனவரி 1-ம் தேதியைத் தேர்ந்தெடுத்தார்கள். கிறிஸ்துமஸுக்குச் சொந்த ஊர் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் சென்னைக்குத் திரும்புவதற்குள் பஸ் கட்டணம் இரண்டு பங்கானால் எப்படி இருக்கும்? அங்கே அதுதான் நடந்தது. மானியத்தை எடுத்ததும் லிட்டர் 65 நைராவாக இருந்த பெட்ரோல் 141 நைராவைத் தொட்டது.

பெட்ரோல் அங்கே வாகனத்துக்கு மட்டுமல்ல. மின்சாரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத ஊர்களில், தையல்காரரும் முடிதிருத்துபவரும் சின்ன ஜெனரேட்டரை நம்பித்தான் கடை திறக்கிறார்கள். அந்தக் குட்டி ஜெனரேட்டருக்கு "பக்கத்து வீட்டைவிட நான் பரவாயில்லை" என்ற அர்த்தத்தில் ஜனங்கள் ஒரு செல்லப் பெயரே வைத்திருக்கிறார்கள். நல்ல சாலை இல்லை, மின்சாரம் இல்லை. தோண்டினால் எண்ணெய் வரும் நாட்டில் அரசாங்கம் நமக்குத் தருவது மலிவுப் பெட்ரோல் ஒன்றுதான், அதையும் பிடுங்குகிறார்களே என்பதுதான் அன்று அவர்களுடைய வாதம். இதை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஜனவரி 9-ல் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. லாகோஸ் நகரின் ஒஜோட்டாவில் பாட்டும் கூத்துமாகக் கூட்டம் கூடியது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான், கிறிஸ்துமஸ் அன்று, மடல்லா என்ற ஊரின் தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பலர் இறந்திருந்தார்கள். மதக் கலவரம் வந்துவிடுமோ என்று நாடே நடுங்கிக்கொண்டிருந்த நேரம். அந்த நேரத்தில் போராட்டக் களத்தில் முஸ்லிம்கள் தொழுதபோது, கிறிஸ்தவர்கள் சுற்றி அரணாக நின்று காவல் காத்தார்கள். ஜனவரி 16-ல் அரசு விலையை 97 நைராவுக்குக் குறைத்தது. அடுத்து நாடாளுமன்றக் குழு ஒன்று மானியக் கணக்கைக் கிளறியது. கொண்டுவராத பெட்ரோலுக்கெல்லாம் பணம் வாங்கப்பட்டிருந்தது. மொத்தம் சுமார் 680 கோடி டாலர் முறைகேடு என்று குழு அறிக்கை கொடுத்தது. அந்த விசாரணையிலேயே லஞ்சம் வாங்கியதாகக் குழுவின் தலைவருக்கு 2021-ல் நீதிமன்றம் தண்டனை விதித்தது. அந்த நாட்டு மக்கள் "மானியப் பணத்தில் மருத்துவமனை கட்டுவோம்" என்ற வாக்குறுதியை ஏன் நம்பவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

தென் அமெரிக்காவின் எக்வடோரில் 2019 அக்டோபரில் இதே கதை. பூர்வகுடி மக்கள் மலைகளிலிருந்து இறங்கித் தலைநகர் கீட்டோவுக்குள் வந்தார்கள். அரசாங்கம் வேறு நகரத்துக்கு இடம்பெயர்ந்தது. பேச்சுவார்த்தைக்கு அவர்கள் போட்ட நிபந்தனை எனக்குப் பிடித்தமானது. பேசுவதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்க்க நேரடியாக ஒளிபரப்ப வேண்டும் என்றார்கள். ஒளிபரப்பினார்கள். அன்றிரவே, மானியத்தை எடுத்த ஆணையைத் திரும்பப் பெற அரசு ஒப்புக்கொண்டது.

பிரான்சில் சொல்லிக்கொள்ளும்படி எண்ணெய்க் கிணறு இல்லை, மானியமும் இல்லை. அங்கே பிரச்சினை வரி. பல பத்தாண்டுகள் டீசலுக்கு வரியைக் குறைத்து வைத்து, டீசல் கார் வாங்கும்படி மக்களைப் பழக்கியது அரசுதான். பிறகு புவி வெப்பமாவதைத் தடுக்க டீசலுக்கு வரி என்றது. 2019 ஜனவரியில் லிட்டருக்கு இன்னும் 6.5 சென்ட் ஏறவிருந்தது. பாரிஸ்வாசிக்கு மெட்ரோ ரயில் இருக்கிறது. சின்ன ஊர்களில் ரயில் நிலையத்தை மூடிவிட்டார்கள், பிரசவ ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் காரில்தான் போக வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு, 2018-ல்தான், பெரும் பணக்காரர்களின் சொத்து வரியில் பெரும்பகுதியை ரத்து செய்தார்கள். அந்த 2018 நவம்பர் 17-ம் தேதி இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானவர்கள் சாலைக்கு வந்தார்கள். ஒவ்வொரு காரிலும் சட்டப்படி இருக்க வேண்டிய மஞ்சள் மேலாடையை எடுத்து மாட்டிக்கொண்டு, ரவுண்டானாக்களில் குடிசை போட்டு, அடுப்பு மூட்டி உட்கார்ந்தார்கள். "நீங்கள் உலகத்தின் கடைசியைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள், நாங்கள் மாசக் கடைசியைப் பற்றிக் கவலைப்படுகிறோம்" என்ற பேச்சு அங்கே பிரபலம். மாசக் கடைசி தெரிந்த எவருக்கும் அது புரியும். புவி வெப்பமாவது எனக்கும் பெரிய கவலைதான். ஆனால் அதற்கான செலவைத் தினமும் நாற்பது கிலோமீட்டர் காரோட்டி வேலைக்குப் போகும் நர்ஸிடம் முதலில் வசூலித்தது தவறு. டிசம்பரில் அந்த வரி உயர்வைக் கைவிட்டார்கள்.

கடைசியாக, பக்கத்திலேயே இருக்கும் இலங்கை. 2022 தொடக்கத்தில் லிட்டர் 177 ரூபாயாக இருந்த பெட்ரோல், ஜூன் கடைசியில் 470 ரூபாய். அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. அங்கே பெட்ரோல் ஷெட் என்பார்கள். ஷெட் வாசலிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் வரிசை. இரண்டு நாள், மூன்று நாள் ஆட்டோவுக்குள்ளேயே தூங்கினார்கள். வரிசையில் நின்றபடியே உயிரை விட்டவர்களும் உண்டு. ஜூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டே வெளியேறினார். அதே மாதம் கியூஆர் குறியீட்டோடு எரிபொருள் அட்டை வந்தது. வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லிட்டர், ஆட்டோவுக்கு 5, காருக்கு 20. ஐந்து லிட்டர் எந்த மூலைக்கு என்று ஆட்டோக்காரர்கள் கேட்டார்கள், நியாயமான கேள்வி. விலையும் பெரிதாக இறங்கவில்லை, ஆகஸ்டில் 450 ரூபாய். ஆனால் தன் பங்கு எவ்வளவு, அது கிடைக்குமா என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்துவிட்டது. வரிசை மெல்ல மெல்லக் குறைந்தது. ஆட்டோவில் தூங்கியவர்கள் வீட்டுக்குப் போய்ப் படுத்தார்கள்.