அழுகின இலையும் இறாலும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)

சேமிப்பு, உள்கடன் விஷயமெல்லாம் காலையிலேயே பேசி முடிச்சாச்சு. இப்போ நாங்கள் செய்த ஒரு தவறைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறோம்.

பிச்சாவரம் பக்கம் சுரபுன்னைக் காட்டோரம் சுத்தம் செய்தோமே, ஞாபகம் இருக்கா? பிளாஸ்டிக் பை, பாட்டில், அறுந்த வலையோடு, சேற்றில் கிடந்த அழுகின இலைகளையும் வாரிக் கரையில் கொட்டச் சொன்னோம். கறுப்பாக, வழவழன்னு கிடந்ததால் குப்பை என்றே நினைத்தோம். அப்போது, வாயில் பறியைக் கடித்துக்கொண்டு தண்ணீரில் தடவி இறால் பிடிக்கிற ஒரு ஆயா கரையேறி வந்து கேட்டாங்க: "ஏம்மா, எலையெல்லாம் வாரிட்டா எறாலு எதைத் திங்கும்?"

எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆபீசுக்கு வந்து புத்தகங்களைப் படித்த பிறகுதான் ஆயா கேட்டது சரி என்று புரிந்தது.

சுரபுன்னை இலை மரத்திலிருந்து விழும்போது தடிப்பாக, துவர்ப்பாக இருக்கும். சத்தும் குறைவு. தண்ணீரில் ஊற ஊறத் துவர்ப்பு கரைந்து போகும். அப்புறம் பூஞ்சணம் பிடிக்கும். ஊறுகாய் போடுகிற குழுக்களுக்குப் பூஞ்சணம் என்றாலே பயம்! ஆனால் சேற்றில் அதுதான் சமையல்காரி. கண்ணுக்குத் தெரியாத நூல் நூலாக இலைக்குள் நுழைந்து, கெட்டியான நாரையும் கரைத்து வளரும். பாக்டீரியாவும் கூடச் சேரும். நண்டு தன் பங்குக்கு இலையைக் கிழித்துத் துண்டாக்கும். பூஞ்சணமும் பாக்டீரியாவும் தண்ணீரில் உள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்வதால், இலை இளைக்க இளைக்க அதில் புரதத்தின் பங்கு கூடுகிறது. வெறும் சோற்றில் பருப்பு சேர்ந்த மாதிரி! அமெரிக்காவில் புளோரிடா கடலோரச் சுரபுன்னைக் காட்டில், 1960-களின் கடைசியில் ஹீல்டு, ஓடம் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்து பார்த்தார்கள். இந்தத் துகளையும் அதன் மேல் படிகிற பாசியையும் தின்றுதான் இறால் குஞ்சும் நண்டும் வளருது. அதுகளைத் தின்று பெரிய மீன் வளருது.

இலையில் மட்டும்தான் பூஞ்சை இருக்கிறது என்று நினைக்காதீங்க. மிதந்து வரும் கட்டை, கடல்புல், மணல் என்று எல்லா இடத்திலும் உண்டு. கடலில் வாழ்கிற பூஞ்சைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகளுக்கு இதுவரை பெயர் வைத்திருக்கிறார்கள். கரையில் ஒதுங்கும் நுரையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், மணலில் வளரும் பூஞ்சையின் வித்துகள் முடி மாதிரி நீட்டல்களோடு தெரியும். நுரையில் ஒட்டி ஊர் ஊராகப் போவதற்கு அது உதவுகிறது. நம்ம பிள்ளைங்க அள்ளி விளையாடுற அதே நுரைதான்! எல்லாமே நல்லது செய்யும் என்றும் இல்லை. கரீபியன் கடலில் விசிறிப் பவளங்களுக்கு நோய் கொடுத்ததும் ஒரு பூஞ்சைதான்.

ஆஸ்பத்திரியில் செஃபலெக்சின், செஃபிக்சைம் என்று மாத்திரை கொடுக்கிறார்களே, அந்தக் குடும்பத்துக்கே மூலம் கடலோரத்தில் கிடைத்தது. இத்தாலியின் சார்டினியா தீவில் சாக்கடை கலக்கும் கடலில் குளிப்பவர்களுக்கு டைபாய்டு அதிகம் வருவதில்லை என்பதைக் கவனித்தார் புரோட்சு என்ற பேராசிரியர். 1945-ல் அந்தத் தண்ணீரிலிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்தார். அதிலிருந்து மருந்து எடுத்துக் கடைக்கு வருவதற்கு ஏறக்குறைய இருபது வருஷம் ஆனது. இதைக் கேட்டுவிட்டு யாரும் சாக்கடைத் தண்ணீரில் இறங்க வேண்டாம், புண்ணில் பூஞ்சணம் வைத்துக் கட்டவும் வேண்டாம்!

இப்போ நம்ம வேலைக்கு வருவோம். அடுத்த சுத்தப் பணியில் பிளாஸ்டிக், வலைத்துண்டு, கண்ணாடி மட்டும் சாக்கில் போடுங்கள். இலை, சுள்ளி, விழுந்த கட்டை எல்லாம் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். காட்டு இலையை அள்ளி மக்க வைத்து உரமாக விற்கலாமா என்று இரண்டு குழுக்கள் கேட்டிருந்தீர்கள். வருமானத்துக்கு வழி தேடுவது தப்பில்லை. ஆனால் இந்த இலையில் கை வைத்தால், பக்கத்துக் குழுப் பெண்களின் இறாலில்தான் குறையும். உரத்துக்கு வீட்டுக் குப்பையும் சாணமும் போதும், அதற்குப் பயிற்சி ஏற்பாடு செய்கிறோம்.

இதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, இன்றைக்கே எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். அன்றைக்கு அந்த ஆயாவையும் அழைத்திருக்கிறோம். எதை எடுப்பது, எதை விடுவது என்று அவங்களே முன்னால் நின்று காட்டுவதாகச் சொல்லியிருக்காங்க.