தாமதமும் ஒரு திருட்டுத்தான்

(தேனியில் நடந்த பட்டிமன்றத்தில் 'வெற்றிக்குப் பெரிதும் துணை நிற்பது திறமையா? காலம் தவறாமையா?' என்ற தலைப்பில், 'காலம் தவறாமையே!' என்ற அணியில் பேசியது)

நடுவர் அவர்களே! எதிரணியில் இருக்கிற திறமைசாலிகளே! தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்கிற தாய்மார்களே! (சிரிப்பு)

எதிரணித் தலைவர் 'திறமை, திறமை' என்று முழங்கினார். நல்ல பேச்சு. ஆனா, நடுவர் கொடுத்தது எட்டு நிமிஷம். அவர் பேசினது பன்னிரண்டு. திறமை இருக்கு, கடிகாரம் பார்க்கிற பழக்கம்தான் இல்லை! (கைதட்டல்)

காத்திருப்பதைப் பற்றித் தேனி மக்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். 1928-ல் போடிக்கு ரயில் வந்தது. அகலப் பாதை போடுவதற்காக 2010 டிசம்பரோடு நிறுத்தினாங்க. மறுபடி தேனிக்கு வந்தது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூன். ரயில் நின்னப்போ மூணாம் வகுப்பு படிச்ச பிள்ளை, ரயில் திரும்பி வந்தப்போ கல்லூரியில் இருந்தான்! (சிரிப்பு)

இப்போ ஒரு ரயில்வே எஞ்சினீயரைச் சொல்றேன். பெயர் ஸ்ரீதரன். 1932-ல் பாலக்காட்டுச் சீமையில் பிறந்தவர். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை விழுங்கிய புயல், பாம்பன் பாலத்தின் பெரும்பாலான கர்டர்களையும் கடலுக்குள் தள்ளிவிட்டது. ஆறு மாசத்தில் சரி செய்யணும் என்றது ரயில்வே. மூணு மாசம்தான் என்றார் மேலதிகாரி. பொறுப்பு 32 வயசு ஸ்ரீதரன் தலையில். புது கர்டர் வரட்டும் என்று அவர் உட்காரவில்லை. கடலில் கிடந்ததையே மீட்டெடுத்துப் பூட்டினார். எத்தனை நாள்? 46 நாள்! (பலத்த கைதட்டல்)

'அது திறமைதானே?' என்பார்கள். அய்யா, திறமையான எஞ்சினீயர்கள் அன்றைக்கும் ஆயிரம் பேர் இருந்தாங்க. ஒவ்வொரு நாளையும் எண்ணி வேலை செய்தவர் இவர். 1997-ல் டெல்லி மெட்ரோவின் நிர்வாக இயக்குநர் ஆனபோது, வேலை நடக்கிற இடங்களில் 'இன்னும் இத்தனை நாள் இருக்கிறது' என்று பலகை வைத்தார். பத்து வருஷம் என்று போட்ட முதல் கட்டம், ஏழு வருஷம் சொச்சத்தில், 2005-ல் முடிந்தது.

எதிரணித் தம்பி கேட்கலாம்: 'அவர் தலைமையில் போட்ட கொங்கண் ரயில் பாதை தாமதமாச்சே?' உண்மை. ஐந்து வருஷம் என்று தொடங்கியது, 1998 ஜனவரியில்தான் முடிந்தது. களிமண் மலையில் சுரங்கம் சரிந்து சரிந்து விழுந்தது, உயிர்களும் போயின. மலை தாமதப்படுத்தினால் அது இடையூறு. மனுஷன் தாமதப்படுத்தினால் அது அலட்சியம். இரண்டும் ஒன்றல்ல.

அலட்சியம் என்ன செய்யும்? என் வீட்டுக் கதையைச் சொல்றேன். என் தங்கைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஒரு சான்றிதழ் வேணும். ஓர் அலுவலகம், பெயர் வேண்டாம். அந்த அதிகாரி கெட்டிக்காரர்; பத்துக் காசு லஞ்சம் வாங்காதவர். ஆனா எப்போ போனாலும், 'நாளைக்கு வாம்மா'. அப்பா ஏலக்காய் மண்டி வேலையை விட்டுவிட்டு ஒன்பது நாள் நடந்தார். பத்தாம் நாள் கையெழுத்து கிடைத்தது. ஒன்பதாம் நாளே இடம் போயிருந்தது.

என் தங்கை அதற்குப் பிறகு படிக்கவில்லை. இன்றைக்கும் ஏதாவது படிவம் நிரப்பணும் என்றால் என்னிடம் நீட்டுவாள். 'நீயே எழுதுண்ணே' என்பாள். அவள் கையெழுத்து என் கையெழுத்தைவிட அழகு. (அமைதி)

அந்த அதிகாரியிடம் திறமை இருந்தது. கை சுத்தமாக இருந்தது. ஆனால் ஒரு பெண்ணின் படிப்பைத் திருடினோம் என்பதே அவருக்குத் தெரியாது! பணத்தைத் திருடினால் திருப்பித் தரலாம். காலத்தைத் திருடினால் எதைக் கொண்டு திருப்புவது?

அய்யா, நாம் எல்லாரும் பாம்பன் பாலம் கட்டப்போவதில்லை. ஆனா நம்ம மேசையிலும் யாரோ ஒரு தங்கச்சியின் காகிதம் இருக்கு. வாசலில் ஓர் அப்பா நிற்கிறார். அதை இன்றைக்கே முடித்துக் கொடுங்கள். அவ்வளவுதான் நான் கேட்பது.

நடுவர் கை மணிப் பக்கம் போகிறது. அடிக்கிறதுக்கு முன்னாலேயே முடிச்சுக்கறேன். (பலத்த கைதட்டல்)