பிள்ளைக்கு எப்போது மேல்வகுப்புக் கணக்கு?



வாழ்நாள் முழுதும் கரும்பலகை முன் நின்ற ஓர் ஆசிரியரின் நினைவாக அமைந்த சொற்பொழிவு இது. ஆகவே ஆசிரியர்களிடம் பெற்றோர் ஓயாமல் கேட்கும் ஒரு கேள்வியையே இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டேன். "சார், பையன் ஆறாவதுதான் படிக்கிறான். எட்டாவது கணக்கெல்லாம் போடுறான். இப்பவே ஃபவுண்டேஷன் கோச்சிங்ல சேர்த்துடலாமா?"

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சில பிள்ளைகளுக்கு மேல்வகுப்புக் கணக்கைத் தாராளமாகத் தரலாம். அவர்களைத் தடுத்து வைப்பது அநியாயம். மற்ற பலருக்கு அதை முந்தித் திணிப்பது கெடுதல். எந்தப் பிள்ளை எந்த வகை என்று அறிவதில்தான் நாம் தவறுகிறோம்.

தடுத்து வைக்கப்படாத ஒரு பிள்ளையை முதலில் பார்ப்போம். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் 1975இல் பிறந்த கணிதமேதை டெரன்ஸ் தாவ். எட்டு வயதில், கல்லூரிக்குப் போகும் அமெரிக்க மாணவர்கள் எழுதும் எஸ்ஏடி தேர்வின் கணிதப் பகுதியில் 800க்கு 760 வாங்கியவர். இப்படி ஒரு பிள்ளை நம் வீட்டில் இருந்தால் என்ன செய்வோம்? பத்து வயதில் பட்டம் வாங்க வைத்துச் செய்தித்தாளில் படம் வரப் பார்ப்போம். அவருடைய பெற்றோர் அப்படிச் செய்யவில்லை. தந்தை குழந்தை மருத்துவர். தாய் கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர். கணிதத்துக்கு ஒரு வகுப்பு, ஆங்கிலத்துக்கு அதைவிடச் சின்ன வகுப்பு என்று பாடத்துக்குப் பாடம் வேறு நிலையில் உட்கார வைத்தார்கள். ஒன்பது வயதில் பல்கலைக்கழகக் கணித வகுப்புக்குப் போய்வந்தார். ஆனால் முழுநேர மாணவராக அங்கே சேர்ந்தது பதினான்கு வயதை ஒட்டித்தான். மிக இளைய பட்டதாரி என்ற பெயருக்காக அவசரப்பட வேண்டியதில்லை என்பதில் தந்தை உறுதியாக இருந்தார். நடுவில் இருந்த ஆண்டுகளில் சிறுவன் பன்னாட்டுக் கணித ஒலிம்பியாடில் 1986இல் வெண்கலமும், 1987இல் வெள்ளியும், 1988இல் தங்கமும் பெற்றான். 2006இல் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கம் அவரைத் தேடி வந்தது.

இதற்கு நேர்மாறான ஒரு கதை நம் கும்பகோணத்தில் நடந்தது. இராமானுசன் பதின்மூன்று வயதுக்குள் லோனியின் முக்கோணவியல் நூலைக் கரைத்துக் குடித்தார். 1903இல் கார் என்பவர் எழுதிய நூல் கிடைத்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள், நிரூபணம் பெரும்பாலும் இல்லாமல் வரிசையாக அடுக்கப்பட்ட புத்தகம் அது. அவர் முந்திப் போவதை யாரும் தடுக்கவில்லை. தடையாக வந்தது வேறு: எல்லாப் பாடத்திலும் ஒரே நேரத்தில் ஒரே படியில் நின்றாக வேண்டும் என்ற கல்லூரி முறை. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் மற்றப் பாடங்களில் தவறி உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. என்ற கல்லூரித் தேர்வில் தேறவில்லை. அடிலெய்டுச் சிறுவனுக்கு எண்பது ஆண்டு கழித்துக் கிடைத்த அந்த எளிய நெகிழ்வு இவருக்குக் கிடைத்திருந்தால், வேலை தேடி அலைந்த அந்த ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

இருவரும் மேதைகள், நம் பிள்ளைகளுக்கு இது பொருந்துமா என்று கேட்பீர்கள். நியாயம்தான். 1971இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி என்ற உளவியலாளர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதினருக்கு எஸ்ஏடி தேர்வு வைத்து, மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். தகுதியறிந்து முன்னேற்றப்பட்டவர்கள் பெரும்பாலும் நன்றாகவே வளர்ந்தார்கள். ஆனால் 2000களின் தொடக்கத்தில் வட கரோலினாவின் சார்லட் மாவட்டம், நடுத்தர மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளையும் எட்டாம் வகுப்பிலேயே இயற்கணிதத்தில் தள்ளியபோது வேறு விளைவு வந்தது. டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தார்கள்: அப்படித் தள்ளப்பட்டவர்கள் இயற்கணிதத்திலும் பின்தங்கினார்கள், அடுத்து வந்த வடிவியலிலும் தேறுவது குறைந்தது. சான் பிரான்சிஸ்கோ 2014இல் இதற்கு எதிர்த்திசையில் போய், எட்டாம் வகுப்பில் யாருக்கும் இயற்கணிதப் பாடம் கிடையாது என்றது. பத்தாண்டு கழித்து அந்த முடிவையும் மாற்ற வேண்டியதாயிற்று. எல்லோரையும் தள்ளுவதும் எல்லோரையும் நிறுத்துவதும் ஒரே தவறுதான்.

அப்படியானால் வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். பின்னத்தை வகுக்கும்போது ஏன் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம் என்று பிள்ளையிடம் கேளுங்கள். "மிஸ் அப்படித்தான் சொன்னாங்க" என்றால் அவன் இன்னும் அங்கேயே இருக்க வேண்டியவன். அரையில் எத்தனை கால் இருக்கிறது என்று ஒரு படம் வரைந்து உங்களுக்கே விளக்கினால், கதவைத் திறந்துவிடுங்கள். இயற்கணிதத்தில் தடுக்கி விழும் பிள்ளைகளில் பலர் உண்மையில் தடுக்கி விழுவது பின்னத்திலும் எதிர்மறை எண்ணிலும்தான். இன்னொன்று: விடை உடனே கிடைக்காத ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு விலகிவிடுங்கள். இரண்டு நாள் கழித்துத் தானாகத் திரும்ப வந்து அதைத் தொடுகிறானா? தொட்டால் அது பசி. நாம் உட்கார வைத்தால்தான் தொடுவான் என்றால், ஆசை நம்முடையது. பெற்றோரைப் புண்படுத்த இதைச் சொல்லவில்லை. உங்கள் ஆசை அன்பிலிருந்து வருவது என்று எனக்குத் தெரியும்.

முந்திப் போவதென்றால் அடுத்த வகுப்புப் புத்தகம் மட்டும்தானா? பதினொன்றாம் வகுப்பு வகையீட்டு வாய்பாடுகளை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒப்பிக்கக் கற்றுத் தருவதைப் பல பயிற்சி மையங்கள் உயர்கணிதம் என்று விற்கின்றன. அது எனக்கு வருத்தமளிக்கிறது. பன்னாட்டு ஒலிம்பியாட் வினாக்களுக்கு நுண்கணிதமே தேவையில்லை. பகா எண்கள், மீதிகள், எண்ணும் முறைகள், யூக்ளிடின் வடிவியல், பெரும்பாலும் இவைபோன்றவையே அடிப்படை. ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கைக்கு எட்டும் தொலைவில் இவ்வளவு ஆழமான கணிதம் இருக்கும்போது, மேலே போக இடமில்லை என்று நாம் ஏன் நினைக்க வேண்டும்?

இங்கே தலைமை ஆசிரியர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் ஜூன் மாதம் கால அட்டவணை போடும்போது ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளின் கணக்குப் பாடவேளையை ஒரே நேரத்தில் வையுங்கள். தயாராக இருக்கும் பிள்ளை அந்த ஒரு பாடவேளைக்கு மட்டும் பக்கத்து வகுப்பில் போய் உட்காரட்டும்; பின்னத்தில் தடுமாறும் பிள்ளை கூச்சமில்லாமல் கீழ் வகுப்பில் உட்காரட்டும். மற்ற நேரம் தன் வயதுத் தோழர்களோடு விளையாடட்டும். இதற்குத் தனி நிதியோ தனிக் கட்டடமோ தேவையில்லை. ஓராண்டு செய்து பாருங்கள்.