தானே பெருகும் யந்திரம்



ஒரு மீட்டரை 100 கோடி பங்காக்கினால் ஒரு பங்குக்கு நானோமீட்டர் என்று பெயர். அவ்வளவு நுட்பத்தில் அணுக்களை அடுக்கிப் பண்டஞ் செய்யும் யந்திரம் வரும், அது தன்னைப்போல் மற்றொன்றையும் செய்துகொள்ளும் என்பதாக அமெரிக்கரான எரிக் டிரெக்ஸ்லர் 1986-ல் எழுதினார். வந்தால் பண்டங்கள் மலியும். உடலுக்குள் சென்று நோயையும் தீர்க்கலாம்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, 30 தடவை இரட்டித்தால் 100 கோடிக்கு மேலாகிவிடும். அடக்க வழியில்லாவிட்டால் உலகையே தின்றுவிடுமென்று அவரே எச்சரித்தார். கேட்டவர்கள் நடுங்கினார்கள். இன்றுவரை அந்த யந்திரத்தை எவரும் செய்யவில்லை. 2004-ல் அவரே, பண்டஞ் செய்வதற்குத் தானே பெருகித் திரியும் யந்திரம் தேவையில்லை என்று கூறிவிட்டார். தன் சொல்லைத் தானே திருத்திக்கொள்வதல்லவா அறிவு?

அதே ஆண்டில் லண்டன் ராயல் சொசைட்டியார், செயற்கை நுண்துகள்கள் காற்றிலும் நீரிலும் கலவாமல் தடுக்கச் சொன்னார்கள். அத்துகளை முதலில் சுவாசிப்பவன் யார்? ஆலைத் தொழிலாளியே அல்லவா?

ஆகவே தோழர்களே! இதைப் பூதமென்று பயப்படவும் வேண்டாம். கற்பக விருட்சமென்று கும்பிடவும் வேண்டாம். லாபம் யாருக்கு, ஆபத்து யாருக்கு என்று மாத்திரம் கேட்போமாக.