உள்தையலில் விட்ட துணி



‘தையல்’ என்னும் தமிழ்ச் சொல் துணி தைப்பதையும் குறிக்கும், பெண்ணையும் குறிக்கும். அந்த இரு பொருளையும் ஒருங்கே நினைவூட்டும் காட்சி ஒன்று என் உள்ளத்தில் நிலைத்திருக்கிறது. 1960-களில், பாலக்காட்டுச் சீமையிலுள்ள கொழிஞ்சாம்பாறையில், எங்கள் வீட்டுத் திண்ணையோரம் என் தாயார் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்த காட்சியே அது.

1956 நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் அமைந்தது. மலபாரின் பாலக்காடு, கொச்சிச் சீமையின் சித்தூர், திருவிதாங்கூரின் தேவிகுளம், பீர்மேடு ஆகிய யாவும் ஒரே மாநிலத்தில் அடங்கின. இடுக்கி மாவட்டம் 1972-இல்தான் பிறந்தது. எங்கள் அத்தை வாழ்க்கைப்பட்ட மூணாறு அன்று கோட்டயம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. எல்லைகள் மாறினும் துணி வாங்கும் வழி மாறவில்லை. நாங்கள் பொள்ளாச்சிக்குச் சென்றோம். அத்தை வீட்டார் போடிநாயக்கனூருக்கோ உடுமலைப்பேட்டைக்கோ மலையிறங்கினர்.

மாறியது அளவு. 1958 முதல் படிப்படியாக மெட்ரிக் முறை வந்தது. கெஜத்திற்கு 36 அங்குலம். மீட்டருக்கோ 39 அங்குலத்திற்குச் சற்று மிகுதி. “மூன்று அங்குலம் கூடுதலாக வருகிறது, அதில் கைக்கு ஒரு பட்டி வைக்கலாமே!” என்று என் தாயார் மகிழ்வார். ஆயினும் புடவையை அவர் இறுதிவரை ஆறு கெஜம், ஒன்பது கெஜம் என்றே சொன்னார். நாமும் இன்றளவும் அவ்வாறே சொல்கிறோம் அல்லவா?

பாட்டிமார் முன்புறம் முடிச்சிட்ட ரவிக்கை அணிந்தனர். தாயார் காலத்தில் கொக்கி வந்தது. கை முழங்கை வரை நீண்டிருந்தது. எங்கள் காலத்தில் அது குறுகிற்று. சிலருக்குப் ‘பஃப்’ வைத்து உப்பிற்று. பாலக்காட்டில் ஒரு திரைப்படம் பார்த்து வந்தால், மறுவாரம் தெருவில் பல ரவிக்கைகளின் கழுத்து மாறியிருக்கும். தீபாவளிக்கு வண்ணப் புடவை, ஓணத்திற்குக் கரையிட்ட வெண்ணிற முண்டும் நேரியதும் என இரு மரபும் எங்கள் பெட்டியில் அடுத்தடுத்துக் கிடந்தன. இரண்டிற்கும் பொருந்தும் நிறத்தில் ஒரே ரவிக்கை தைப்பதே சிக்கனமான இல்லத்தரசியின் திறமை.

தையல் இயந்திரம் எளிய குடும்பங்களுக்கும் உரியதென்ற எண்ணம் பழையது. எந்திரங்களைக் குறித்து ஐயம் கொண்டிருந்த காந்தியடிகளே, 1924-இல் இளைஞர் இராமச்சந்திரனுடன் உரையாடுகையில், சிங்கர் தையல் இயந்திரத்திற்கு விலக்களித்தார். மனைவி கையால் தைத்துத் துன்புறுவதைக் கண்ட அன்பே அதைப் படைத்தது என்பது அவர் கருத்து. திருவிதாங்கூரைச் சேர்ந்த அந்த இராமச்சந்திரனே பின்னாளில் தம் துணைவியார் சௌந்தரம் அம்மையாருடன் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினார். கல்கத்தாவில் 1930-களிலேயே உஷா இயந்திரங்கள் உற்பத்தியாகத் தொடங்கின. எங்கள் வீட்டில் இருந்ததும் ஓர் உஷாவே.

என் தாயாரின் தையலில் முதல் விதி, உட்புறம் துணி விடுவது. பாவாடையின் விளிம்பிற்கு மேலே இரண்டு மூன்று ‘டக்’ பிடித்துத் தைப்பார். நாங்கள் வளர வளர ஆண்டுக்கு ஒன்றாகப் பிரித்து விடுவார். பிரித்த இடத்தில் வெயில் காணாத துணியின் பழைய நிறம் கோடாகத் தெரியும். கோடுகளை எண்ணினால் பாவாடையின் வயது விளங்கும். ரவிக்கையின் இரு பக்கத்திலும் ஓர் அங்குலத் துணி உள்ளே மடிந்திருக்கும். உடல் பருத்தால் பிரிக்கலாம்; மெலிந்தால் மேலும் ஒரு தையல் ஓட்டலாம்.

மூணாற்றில் அத்தை தேயிலைக் கொழுந்து பறித்து வந்தார். பனியும் செடியின் குச்சிகளும் படாதிருக்கப் புடவைக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை, இடுப்பில் தடித்த சாக்கு, மழையில் தலைக்குக் கம்பளி: இதுவே வேலை உடை. அழகிய ரவிக்கை ஞாயிற்றுக்கிழமைக்கும் திருவிழாவிற்குமே. ஆண்டுதோறும் அளவு ரவிக்கை ஒன்றை அஞ்சலில் அனுப்புவார். தாயார் புதியன தைத்து அனுப்புவார்.

ஓராண்டு அளவு ரவிக்கையுடன் வந்த கடிதத்தில், “அண்ணி, இங்கு அனைவரும் நலம்” என்றிருந்தது. தாயார் ரவிக்கையை உட்புறம் திருப்பினார். இரு பக்கமும் கையால் ஓட்டிய புதுத் தையல், அதனுள்ளே மற்றொன்று. ஓராண்டில் இருமுறை சுற்றளவு குறைந்திருந்தது. கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு, “நாளைக்கே புறப்பட வேண்டும்” என்று தந்தையாரிடம் சொன்னார். சென்று பார்த்தபோது அத்தை நெடுநாள் காய்ச்சலையும் இருமலையும் மறைத்துக்கொண்டு வேலைக்குச் சென்றுகொண்டிருந்தார். கூலி நின்றுவிடுமே என்ற அச்சம்! வற்புறுத்தி மருத்துவம் செய்வித்து, எங்களுடன் சில மாதம் வைத்திருந்தோம். அவர் ஊர் திரும்பும் நாளில் தாயார் புதிய ரவிக்கை கொடுத்தார். அதில் வழக்கமான ஓர் அங்குலம் அன்று. ஒன்றரை அங்குலம் விட்டிருந்தார். மறு ஆண்டு வந்த அளவு ரவிக்கையில் அந்தத் தையல் பிரிக்கப்பட்டிருந்தது. அதைக் கண்டு என் தாயார் கண்ணீர் விட்டதை நான் பார்த்தேன்.

இத்தகைய உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. கூலி பெறாததால் அது வேலையென்றே கருதப்படவில்லை. இன்று ஆயத்த ஆடைகள் மலிவாகக் கிடைக்கின்றன. பெண்களின் நேரமும் மிச்சமாகிறது. அதை நான் குறை கூறேன். ஆனால் பெருந்தொகையாகத் தைக்கும் ஆடையில் உள்தையலுக்கு மேல் துணி விடுவோர் அரியர். அணிபவர் யாரென்று தைப்பவருக்குத் தெரியாது.

தொலைவில் வாழும் நேயர்களே! ஊரிலிருந்து வரும் செய்தி பெரும்பாலும் ‘நலம்’ என்றே சொல்லும். நீங்கள் அனுப்புவதும் அப்படியே. விடுமுறைக்கு வீடு செல்லும்போது, அன்னையரின் பெட்டியில் பழைய ரவிக்கை ஒன்று இருந்தால், அதன் உட்புறத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பின்னர் அவர்கள் அருகில் அமர்ந்து உடல்நலம் கேளுங்கள்.