கையெழுத்து நம்முடையது, காகிதமும் நம்ம மொழியில் வேண்டும்

(காரைக்குடியில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்ம அம்மா காலத்தில் பத்திரமானாலும் மனுவானாலும் பெண்களுக்குக் கைநாட்டுதான். 1990-களின் தொடக்கத்தில் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தும் கத்துக்கிட்டாங்க, சைக்கிளும் ஓட்டினாங்க. அதற்குப் பிறகு குழுக்கள் வந்தன. இன்றைக்கு நம்மில் பெரும்பாலோர் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடுகிறோம், பேரேட்டைப் படிக்கிறோம்.

ஆனால் நாம் கத்துக்கிட்டது தமிழ் எழுத்து. நம் முன்னால் நீட்டுகிற ஃபாரம் பல நேரம் ஆங்கிலத்தில் இருக்கிறது. படிக்க முடியாத காகிதத்தில் எவ்வளவு அழகாக எழுதினாலும் அது கைநாட்டுதானே? இன்றைக்கு நாம் பேச வந்தது இதைத்தான்.

நம்ம குழுக்களில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது. "நாப்பதாயிரம் கடன்னு சொன்னாங்க, கையில அதுக்குக் கொறச்சுத்தான் வந்துச்சு. கேட்டா, இன்சூரன்ஸ், பிராசஸிங் எல்லாம் போக மிச்சம், நீங்கதான கையெழுத்துப் போட்டீங்கன்னு சொல்றாங்க." காகிதம் தமிழில் இருந்திருந்தால் இந்தக் கேள்வி கையெழுத்துக்கு முன்னாடியே வந்திருக்கும்.

சகோதரிகளே, காகிதத்தைத் தமிழில் கேட்பது சலுகை கேட்பது இல்லை. அதற்கு விதி இருக்கிறது.

முதலில் வங்கி. கணக்குத் தொடங்கும் ஃபாரம், பணம் கட்டும் செலான், பாஸ்புக் போன்று வாடிக்கையாளர் பயன்படுத்துகிற அச்சடித்த தாள்கள் ஆங்கிலம், இந்தி, அந்த மாநில மொழி ஆகிய மூன்றிலும் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. நமக்கு அந்த மாநில மொழி தமிழ்.

அடுத்தது நுண்கடன். ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடு இல்லாமல் தருகிற கடன் இது. 2022-ல் ரிசர்வ் வங்கி இதற்கு விதி போட்டது. கடன் ஒப்பந்தமும் கடன் அட்டையும் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். கடனோடு இன்சூரன்ஸ் போன்ற எதையும் சேர்ப்பதென்றால் நம் முழுச் சம்மதம் வேண்டும், அதற்கு எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பது கடன் அட்டையிலேயே இருக்க வேண்டும்.

2024 அக்டோபர் முதல் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. தனிநபர் கடன், சிறு தொழில் கடன் கொடுக்கும் முன்னால் முக்கிய விவரத் தாள் ஒன்று தர வேண்டும். வட்டி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு, எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்று அதில் இருக்கும். அதுவும் நமக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும், விளக்கியும் சொல்ல வேண்டும். ஏழு நாளோ அதற்கு மேலோ தவணை உள்ள கடனுக்கு, யோசித்துப் பார்க்கக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசம் உண்டு. "இப்பவே போடுங்க, இல்லாட்டி கடன் போயிரும்" என்று யாராவது அவசரப்படுத்தினால் இது ஞாபகத்தில் இருக்கட்டும்.

இனி அரசாங்கம். மாநில அரசைப் பொறுத்தவரை 1956-லேயே தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்துவிட்டது. அலுவலகங்களில் தமிழ் சரியாகப் புழங்குகிறதா என்று பார்க்கத் தமிழ் வளர்ச்சித் துறை இருக்கிறது. தாலுகா ஆபீசோ, யூனியன் ஆபீசோ, தமிழில் எழுதிய மனுவைத் தயங்காமல் கொடுக்கலாம்.

தபால் ஆபீஸ், ரயில்வே போன்ற மத்திய அரசு அலுவலகங்களில் இந்தியும் ஆங்கிலமும்தான் அலுவல் மொழி. அங்கே தமிழில் மனு கொடுக்க முடியுமா? முடியும். குறை தீர்க்கக் கேட்கும் மனுவை மத்திய, மாநில அரசின் எந்த அதிகாரிக்கும், அங்கே வழங்குகிற எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 350-வது பிரிவு சொல்கிறது. 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டத்திலும் அந்தந்தப் பகுதியின் ஆட்சிமொழியில் விண்ணப்பிக்கலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவரத் தகவல் அலுவலர் உதவ வேண்டும்.

பதில் எந்த மொழியில் வரும்? இதற்கு ஒரு வழக்கே நடந்திருக்கிறது. 2020-ல் மதுரை நாடாளுமன்ற உறுப்பினர் சு. வெங்கடேசன், சி.ஆர்.பி.எஃப். தேர்வுக்குத் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் மையம் கேட்டு மத்திய அரசுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். பதில் இந்தியில் வந்தது. அவர் நீதிமன்றம் போனார். ஆங்கிலத்தில் எழுதினால் ஆங்கிலத்தில்தான் பதில் தர வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்புச் சொன்னது. இந்தத் தீர்ப்பு ஆங்கிலக் கடிதத்தைப் பற்றியது. தமிழில் எழுதினால் தமிழில் பதில் வரும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் புரியாத மொழியில் வந்த பதிலைக் கேள்வி கேட்கலாம் என்பதை இது காட்டுகிறது. எம்.பி.க்கே வழக்குப் போட வேண்டியிருந்தது என்றால், நாம் கேட்காமலே நமக்குக் கிடைக்குமா?

நம்ம பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்கள். அங்கே தமிழர்கள் குறைவுதான். ஆனாலும் மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழும் அங்கே ஆட்சிமொழி. தமிழ்த்தாய்க்குக் கோவில் இருக்கிற காரைக்குடியில் நாம் தமிழில் ஃபாரம் கேட்க எதற்குக் கூச்சப்பட வேண்டும்?

கேட்பது என்றால் சண்டை இல்லை. கவுண்டரில் இருப்பவர் வெளிமாநிலத்திலிருந்து வந்தவராக இருக்கலாம். அவருக்குத் தமிழ் தெரியாதது அவர் குற்றம் இல்லை, நமக்கு ஆங்கிலம் தெரியாதது நம் குற்றமும் இல்லை. தமிழ்த் தாள் வைத்திருப்பது நிறுவனத்தின் பொறுப்பு. மரியாதையாகக் கேட்போம், விடாமல் கேட்போம்.

ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் இப்படித் தீர்மானம் போடலாம்:

ஒன்று, தமிழில் படிக்காமல், அல்லது படித்துக் காட்டச் சொல்லிக் கேட்காமல், எந்த உறுப்பினரும் கடன் தாளில் கையெழுத்துப் போடுவதில்லை.

இரண்டு, கடன் அட்டையையும் விவர தாளையும் குழுவில் எல்லார் முன்னாலும் சத்தமாக வாசிப்பது.

மூன்று, தமிழ் ஃபாரம் இல்லை என்று சொன்னால், தேதி போட்டு எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குவது. வங்கியோ நிதி நிறுவனமோ 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் தமிழிலேயே விவரம் கேட்கலாம்.

ஒருத்தியாகப் போய்க் கேட்டால் "அப்புறம் வாங்கம்மா" என்பார்கள். குழுவாகப் போனால் உட்காரச் சொல்லிப் பேசுவார்கள். இது நாம் அனுபவத்தில் பார்த்தது. சேமிப்பில் சேர்ந்து நின்ற மாதிரி இதிலும் சேர்ந்து நிற்போம். படித்துவிட்டுப் போடுவோம் கையெழுத்து.